மண்சுவரும் அனுமதிப்பத்திரமும்: ஒரு திட்ட வரைவு குறித்துச் சில விமர்சனக் குறிப்புகள்

கடந்த சில மாதங்களாக எம்மத்தியில் ஒரு திட்ட வரைவு கைமாறி வருகிறது. தயாரித்தவர்கள் எனது நண்பர்கள். ஐரோப்பாவின் வெவ்வேறு நகரங்களில் முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகளாக வாழ்பவர்கள். இடதுசாரிப் பாரம்பரியத்தில் வந்தவர்கள், நிறைய வாசிப்பவர்கள். வன்னியில் தரிசாகக் கிடக்கும் ஐம்பது ஏக்கர்க் காணியைப் பெற்று, ஓர் உழவு இயந்திரத்தைக் கொண்டு அதைத் திருத்தி, மண்ணாலேயே வீடுகள் கட்டி, ஒரு மாதிரிப் பண்ணையை உருவாக்குவது என்பதே வரைவின் சாரம். இதைப் பற்றி எழுதும்படி கேட்டவர்களும் அவர்களே. எனவே ஒளிவுமறைவின்றி எழுதுவதுதான் நட்புக்குச் செய்யும் மரியாதை.

எழுதுவதற்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. வரைவின் ஒன்பதாம் பக்கத்தில், ஆரம்ப வேலைகளுக்கு நண்பரொருவரின் குடும்பக் காணி கிடைக்கும் என்று ஒரு வரி வருகிறது. அந்த நண்பர் நான்தான். கிளிநொச்சிக்குக் கிழக்கே கிடக்கும் அந்தக் காணி வெறுங்காணி அல்ல. அதை அவர்களுக்கு உரிய நேரத்தில் சொல்லாமல் விட்டது என் தவறு. இந்தக் கட்டுரை அந்தத் தவறைத் திருத்தும் முயற்சியும்கூட.

1

முதலில் வரைவின் பலத்தைச் சொல்லிவிட வேண்டும். மண்வீடு பற்றிய பகுதி கவனமாக எழுதப்பட்டிருக்கிறது. களி கூடினால் சுவர் வெடிக்கும், மணல் கூடினால் உதிரும் என்ற பழைய அனுபவ அறிவிலிருந்து, மண்ணோடு ஏறத்தாழ 5 சதவீதம் சீமெந்து கலந்து அச்சில் அழுத்தி, சூளையில் வேகவைக்காமலே கல் செய்யும் இன்றைய முறை வரைக்கும் தேடிப் படித்திருக்கிறார்கள். புதுச்சேரிக்கு அருகே ஆரோவில்லில் இந்த முறை பல பத்தாண்டுகளாகப் பயிலப்பட்டு வருகிறது. 2004 கடற்கோளுக்குப் பின் இலங்கையின் தெற்கே கிரிந்தையில் முஸ்லிம் மீனவக் குடும்பங்களுக்காக யப்பானியக் கட்டடக் கலைஞர் சிகெரு பான் அமைத்த வீடுகளிலும் இவ்வாறு அழுத்திய மண்கற்களே பயன்பட்டன. செங்கல் சூளைக்கு விறகு வேண்டும், விறகுக்குக் காடு வேண்டும். வன்னியில் இனியும் காட்டை எரித்துக் கல் சுடுவது அறிவீனம் என்ற அவர்களது வாதத்தில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

2016 அளவில் வடக்குக்கும் கிழக்குக்கும் 65,000 உருக்கு வீடுகளைக் கொண்டுவந்து பொருத்தும் திட்டத்தை அரசு முன்வைத்ததையும் வரைவு நினைவூட்டுகிறது. ஒரு வீட்டின் விலை 21 இலட்சம் ரூபாவுக்குக் குறையாது என்றார்கள். அந்தப் பணத்தில் கல்வீடு இரண்டு கட்டலாம் என்றும், வெயிலுக்கும் மழைக்கும் எமது அடுப்புக்கும் அந்த உருக்குப் பெட்டிகள் ஒவ்வாதவை என்றும் பொறியியலாளர்களும் பொது அமைப்புகளும் எதிர்த்து நின்றதில் திட்டம் கைவிடப்பட்டது. அப்போது வைக்கப்பட்ட கேள்விகள் சரியானவை. வீட்டை யார் கட்டுகிறார்கள்? கூலி யாருக்குப் போகிறது? உடைந்தால் யார் திருத்துவது? மண்வீடு இக்கேள்விகளுக்கு உருக்கு வீட்டைவிட நல்ல பதிலைத் தருகிறது.

ஆயினும் ஒரு விடயம் வரைவில் விடுபட்டுள்ளது. மண்சுவர் ஒருமுறை கட்டி முடிக்கும் பொருள் அல்ல. ஐப்பசி, கார்த்திகை மழை ஒவ்வொன்றும் அதைக் கரைக்கும். குந்தை உயர்த்த வேண்டும், தாழ்வாரத்தை இறக்க வேண்டும், கிடுகு மாற்ற வேண்டும், மழை விட்டதும் வெடிப்பைப் பூசி மெழுக வேண்டும். இந்த மெழுகும் வேலையை எமது சமூகத்தில் செய்தவர்கள் யார்? பெண்கள். சாணமும் மண்ணும் குழைத்த கைகளுக்கு எந்தக் கணக்குப் புத்தகத்திலும் கூலி எழுதப்பட்டதில்லை. செலவு பற்றிய அட்டவணையில் சீமெந்து மிச்சம், இரும்பு மிச்சம் என்று நண்பர்கள் எழுதுகிறார்கள். மிச்சம் பிடிக்கப்பட்ட பணத்தின் ஒரு பகுதி ஒரு பெண்ணின் முதுகிலிருந்து எடுக்கப்படுகிறது என்பது அட்டவணையில் இல்லை.

2

உழவு இயந்திரம் பற்றிய பகுதிக்கு வருவோம். வரைவில் அதுவே கதாநாயகன். "இயந்திரம் இறங்கியதும் காணி தயாராகிவிடும்" என்ற தொனி பக்கத்துக்குப் பக்கம் ஒலிக்கிறது. காடு திருத்துவதைப் பார்த்தவர்கள் இதை எழுதியிருக்க மாட்டார்கள்.

வன்னியில் காடு விழும் ஒழுங்கு இது. முதலில் கத்தியோடு ஆட்கள் இறங்கிக் கீழ்ப்பற்றையை வெட்டுவார்கள். பின் கோடாலி. பாலையும் முதிரையும் வீரையும் சாதாரண மரங்கள் அல்ல, கோடாலி வாயை மடக்குபவை. வெட்டியதைக் காயவிட்டுக் கோடையில் எரிப்பார்கள். எரிந்த பின்னும் அடிக்கட்டைகள் நிற்கும். கட்டை நிற்கும் நிலத்தில் கலப்பை ஓடாது, ஓடினால் உடையும். அலவாங்கும் மண்வெட்டியுமாகக் கட்டை கிளப்புவது ஓரிரு வருட வேலை. அதற்கிடையில் கட்டைகளுக்கு நடுவே கொத்தி, கச்சானும் உழுந்தும் போட்டுப் பன்றிக்கும் யானைக்கும் இரவிரவாகக் காவலிருந்து சீவிப்பார்கள். இவ்வளவும் முடிந்த பிறகுதான் உழவு இயந்திரம் வரும். அது நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வருகின்ற ஆள். ஆனால் எமது நினைவில் அதுவே முதலாவது.

இன்று டோசரை இறக்கினால் இவ்வளவு காலம் எடுக்காதே என்று நண்பர்கள் கேட்கலாம். எடுக்காதுதான். ஆனால் கட்டையோடு சேர்த்து மேல்மண்ணையும் அது வழித்து ஓரத்தில் குவித்துவிடும். காட்டின் வளம் முழுவதும் அந்த மெல்லிய மேல்மண்ணில்தான் இருக்கிறது. டோசர் வழித்த காணியில் முதல் மழைக்கே வாய்க்கால் வாய்க்காலாக அரிப்பு விழும். பயிர் வெளிறி நிற்கும். மெதுவாகத் திருத்திய காணிக்கும் வேகமாகத் திருத்திய காணிக்கும் இடையிலான வித்தியாசத்தைப் பயிரைப் பார்த்தே சொல்லலாம்.

இயந்திரத்தின் அரசியலும் வரைவில் இல்லை. உலர் வலயத்தின் செங்கபில மண் காய்ந்தால் கல், நனைந்தால் பசை. உழுவதற்கேற்ற ஈரம் இருப்பது சில நாட்கள் மட்டுமே. அந்தச் சில நாட்களில் இயந்திரம் யார் கையில் இருக்கிறதோ அவனே அந்தப் போகத்தின் எசமான். அவன் முதலில் தன் காணியை உழுவான், பிறகு உறவினரது, பிறகு காசு தருபவனது. கடனுக்குக் கேட்பவன் முறை வரும்போது மண் இறுகியிருக்கும் அல்லது சேறாகியிருக்கும். ஒரே ஓர் உழவு இயந்திரம், அதன் திறப்பு நிர்வாகக் குழுவிடம், நிர்வாகக் குழுவின் பெரும்பான்மை ஐரோப்பாவில் என்று வரைவு முன்மொழிகிறது. இதைக் கூட்டுப் பண்ணை என்று அழைப்பது எவ்வளவு பொருத்தம் என்று நண்பர்களே யோசித்துக்கொள்ளட்டும்.

3

இனி எனது குடும்பக் காணியின் கதை. தனிமனிதக் கதைகளை விவாதத்துக்குள் கொண்டுவருவதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் எமது கோட்பாடுகள் எல்லாம் இப்படியான கதைகளின் மேல்தான் ஏறி நிற்கின்றன.

என் தகப்பனார் ஆசிரியர். எழுபதுகளின் முற்பகுதியில் அவருக்கு அந்தக் காணி அரச அனுமதிப்பத்திரத்தில் கிடைத்தது. மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இறக்குமதித் தடை இருந்த காலம் அது. யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர்கள் பலர் வன்னியை நோக்கி ஓடினார்கள். தகப்பனாரும் ஓடினார். ஆனால் சனி, ஞாயிறுகளில் வந்து போகும் ஆசிரியரால் காடு வெட்ட முடியவில்லை. காணி காடாகவே கிடந்தது.

1977 ஆவணி வன்முறைக்குப் பிறகு மாத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து அடித்து விரட்டப்பட்ட ஒரு குடும்பம் எமது காணிக்கு வந்தது. தாய், தகப்பன், நான்கு பிள்ளைகள். அவர்கள்தான் அந்தக் காட்டை வெட்டினார்கள். வெட்டிய தடியில் வரிச்சுக் கட்டி, புற்றுமண்ணைக் குழைத்து அறைந்து, கிழக்கு மூலையில் ஒரு மண்வீடு போட்டார்கள். பிறகு எங்களுக்கென்று ஒரு மண்வீடும் போட்டுத் தந்தார்கள். காணிக்கு எழுதித் தருவதாகத் தகப்பனார் வாக்களித்திருந்தார். "இரண்டேக்கர் உன்ர பேருக்கு மாத்தித் தருவன், யோசியாதை" என்று அவர் சொன்னதை என் காதால் கேட்டிருக்கிறேன். அவருக்கு அப்போது நாற்பது வயது, எனக்குப் பத்து. ஆனாலும் நான் அவரைப் பெயர் சொல்லி 'நீ' என்றுதான் அழைத்தேன். அவர் என்னைச் சின்னையா என்றார்.

மூன்றாம் வருடம் தகப்பனார் பங்குக்கு ஒரு மெசி பெர்குசன் வாங்கினார். இயந்திரம் வந்த அன்று அதற்கு முன்னால் நின்று நாங்கள் படம் எடுத்தோம். தேங்காய் உடைத்துத் திருநீறு பூசிய இயந்திரம், தகப்பனார், அம்மா, அண்ணன், நான். அந்தப் படம் இன்றும் கனடாவில் அண்ணன் வீட்டு வரவேற்பறையில் தொங்குகிறது. "அப்பா காடு வெட்டிக் கழனியாக்கின காணி" என்று அண்ணன் தன் பிள்ளைகளுக்குக் காட்டுவார். படத்தின் பின்புறத்தில், கூர்ந்து பார்த்தால், ஒரு மண்சுவரின் பாதியும் ஒரு பெண்ணின் சேலைத் தலைப்பும் தெரியும். காட்டை வெட்டியவர் படத்தில் இல்லை. அவரை யாரும் நிற்கச் சொல்லவில்லை.

எமது வன்னி நினைவுகளின் வாய்பாடே இதுதான் என்பது என் குற்றச்சாட்டு. புலம்பெயர் மலர்களிலும் சஞ்சிகைகளிலும் வரும் 'எங்கள் தோட்டம்', 'அப்பாவின் காணி' வகைக் கட்டுரைகளை எடுத்துப் பாருங்கள். உழவு இயந்திரத்தின் இலக்கமும் நிறமும் நினைவிருக்கும். மாட்டின் பெயர்கூட நினைவிருக்கும். மண்வீட்டில் இருந்தவர்கள் 'எங்கட ஆக்கள்', 'வேலைக்கு நின்ற சனம்', சில இடங்களில் இன்னும் கூச்சமின்றித் 'தோட்டக்காட்டார்'. யாழ் மேட்டுக்குடி மனம் தன்னை ஒரு முன்னோடி விவசாயியாகக் கட்டமைத்துக்கொண்டது மற்றவரின் உழைப்பை மௌனமாக்கித்தான். சிங்களப் பேரினவாதம் எமது நிலத்தை வெறுங்காடு என்று சொல்லிக் குடியேற்றியதை நாம் சரியாகவே கண்டிக்கிறோம். அதே சொல்லை எமது காணிக்கு நாம் பயன்படுத்தும்போது அங்கே யார் காணாமல் போகிறார்கள் என்று கேட்பதில்லை.

4

தகப்பனாரின் வாக்கு ஏன் நிறைவேறவில்லை? அவரது குணத்தை மட்டும் குறை சொல்லித் தப்ப முடியாது. சட்டமும் அவருக்குத் துணை நின்றது.

இலங்கையின் நிலத்தில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டது அரசுக்குச் சொந்தம். அந்த நிலத்தைக் குடியானவருக்குப் பகிர்ந்தளிக்க 1935 இல் வந்த காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், 'இலங்கையர்' என்பதற்கு இலங்கையைப் பூர்வீக வதிவிடமாகக் கொண்டவர் என்று வரைவிலக்கணம் வைத்தது. அந்த ஒரு சொல்லால் தோட்டத் தொழிலாளர் வெளியே தள்ளப்பட்டனர். 1948, 1949 ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் அவர்களது குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தன. 1964 ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே எண்ணிப் பிரித்தது. நாடற்றவராக இருந்த ஒருவருக்கு அரச காணியில் இரண்டேக்கரை மாற்றிக் கொடுக்க என் தகப்பனார் விரும்பியிருந்தாலும் சட்டப்படி முடிந்திருக்காது. அனுமதிப்பத்திரக் காணியை அரச அதிகாரியின் ஒப்புதலின்றி விற்கவோ துண்டாடவோ இயலாது. இது தகப்பனாருக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் வாக்களித்தார். தர முடியாத ஒன்றைத் தருவதாகச் சொல்லி உழைப்பை வாங்குவதற்கு எமது மொழியில் ஒரு சொல் உண்டு. மகன் என்பதால் அதை நான் எழுதவில்லை.

பெண்களுக்கு அந்தச் சட்டம் இன்னொரு பூட்டையும் போட்டிருந்தது. பின்னுரித்தாளி பெயரிடப்படாவிட்டால் ஆண் வாரிசுக்கே முன்னுரிமை என்ற ஏற்பாடு 2022 இல்தான் திருத்தப்பட்டது. காணாமற்போன, கொல்லப்பட்ட ஆண்களின் பெயரில் பத்திரங்கள் கிடக்க, பெண்களே குடும்பத் தலைவர்களாக நிற்கும் வன்னியில் இதன் பொருள் என்னவென்று விளக்கத் தேவையில்லை.

இப்போது மண்சுவருக்கு வருகிறேன். இலங்கையின் குடிசன மதிப்பீடு வீடுகளை நிரந்தரம், அரைநிரந்தரம், தற்காலிகம் என்று வகைப்படுத்துகிறது. சுவர் எதனால் ஆனது, கூரை எதனால் ஆனது என்பதே அளவுகோல். மண்சுவருக்கும் கிடுகுக்கும் நிரந்தரம் என்ற சொல் கிடைப்பதில்லை. புள்ளிவிபரக்காரரைப் பொறுத்தவரை இது பொருட்களைப் பற்றிய வகைப்பாடு. காணிக் கந்தோரிலும் கிராமத்திலும் அது மனிதரைப் பற்றிய வகைப்பாடாக மாறிவிடுகிறது. மண்வீட்டில் இருப்பவர் தற்காலிகமாக இருப்பவர். தற்காலிகமாக இருப்பவர் எழுப்பப்படக்கூடியவர். நாற்பது வருடம் இருந்தாலும் அவர் வந்தவர்தான், இருப்பவர் அல்ல.

1990 இன் பின் சீமெந்தும் எரிபொருளும் தடைசெய்யப்பட்டிருந்தபோது வன்னி முழுவதுமே மண்ணைக் குழைத்துக் கட்டியது. 1995 இறுதியில் வலிகாமத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த கல்வீட்டுக்காரரும் மண்சுவருக்குள் குடியிருந்தனர். அவர்களை யாரும் தற்காலிகமானவர்கள் என்று கருதவில்லை. அவர்களுக்கு ஊரில் உறுதி இருந்தது. ஆகவே பிரச்சினை மண்ணில் இல்லை. உறுதி உள்ளவனின் மண்வீடு எளிமை. உறுதி இல்லாதவனின் மண்வீடு சாட்சியம், அவனுக்கே எதிரான சாட்சியம்.

2009 இன் பின் இது இன்னும் கூர்மையாகியது. 2012 இல் வேலைகள் வேகமெடுத்த இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு 5,50,000 ரூபா வழங்கப்பட்டது. கடன்பட்டாவது பலர் கல்வீட்டை முடித்தார்கள். ஆனால் வீடு பெறுவதற்குக் காணிக்குரிய ஆவணம் காட்ட வேண்டும். மற்றவர் காணியில் குடியிருந்தவர்கள், அவர்களுள் மலையகத்திலிருந்து வந்தோர் கணிசமானவர்கள், வரிசையில் பின்னுக்குத் தள்ளப்பட்டார்கள். எமது காணியின் கிழக்கு மூலையில் இப்போது இருப்பவர் அந்தக் குடும்பத்தின் மூத்த மகள். என் வயது. முள்ளிவாய்க்கால் வரை போய் முகாமில் இருந்து 2010 இல் திரும்பியவர். அந்தப் பயணத்தில் எங்கள் பழைய உழவு இயந்திரத்தின் பெட்டிதான் பல வாரங்கள் அவர்களுக்கு வீடு. அவருக்கு வீட்டுத்திட்டம் கிடைக்கவில்லை. பத்திரம் இன்னும் இறந்துபோன என் தகப்பனாரின் பெயரில் இருக்கிறது.

வரைவு என் கைக்கு வந்ததும் அவரோடு தொலைபேசியில் பேசினேன். மண்வீட்டைப் பற்றி எங்கள் நண்பர்கள் எழுதியதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சிரித்தார். பிறகு சொன்னார்: "மண்ணு வீடு குளிர்ச்சிதான் சின்னையா, அத நாங்க வேணாம்னு சொல்லல. கல்லு வீடு கேக்கிறது ஆசைக்கு இல்ல. கல்லு வீடு இருந்தா லேசில எழுப்ப மாட்டாங்க."

ஐம்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு பெண் என்னை இன்னும் சின்னையா என்கிறார் என்பதை ஒருபுறம் வைப்போம். சீமெந்து மீது எமது மக்களுக்குள்ள மோகத்தை நுகர்வுக் கலாசாரம், போலிக் கௌரவம் என்று வரைவு இரண்டு பக்கங்களில் சாடுகிறது. அந்த மோகத்துக்குள் ஒரு தெளிவான அரசியல் அறிவு இருப்பதை அந்தப் பெண் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார். உறுதி கிடைக்காதவர் சீமெந்தையே உறுதியாகப் பயன்படுத்துகிறார்.

5

வரைவு எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹசன் ஃபாத்தியைப் பலமுறை மேற்கோள் காட்டுகிறது. 1973 இல் ஆங்கிலத்தில் பரவலாக அறியப்பட்ட 'ஏழைகளுக்கான கட்டடக் கலை' என்ற அவரது நூல் எம்மில் பலரும் மதிக்கின்ற ஒன்று. ஆனால் அந்த நூல் எதைப் பற்றியது என்பதை மறந்துவிடக் கூடாது. அது ஒரு தோல்வியின் வரலாறு. லக்சருக்கு எதிரே, நைல் நதியின் மேற்குக் கரையில், பழைய கல்லறைகளுக்கு மேல் குடியிருந்த குர்ணா மக்களை இடம்மாற்றுவதற்காக 1945 இல் ஃபாத்தி ஒரு புதிய கிராமத்தைக் கட்டத் தொடங்கினார். பச்சை மண்கல், வளைகூரை, முற்றம், பள்ளிவாசல், சந்தை எல்லாம் அழகு. இன்றும் கட்டடக் கலை மாணவர்கள் பார்க்கப் போகிறார்கள். ஆனால் மக்கள் போக மறுத்தார்கள். அவர்களது சீவியம் பழைய இடத்தோடு பிணைந்திருந்தது. அவர்களை அகற்றும் முடிவு அவர்களுடையதல்ல, தொல்பொருள் திணைக்களத்தினுடையது. கிராமம் பாதியில் நின்றது.

அங்கே மண் தோற்கவில்லை. யார் எங்கே குடியிருப்பது என்பதை மற்றவர் தீர்மானித்ததுதான் தோற்றது. மண்கல்லின் செய்முறையை ஃபாத்தியிடமிருந்து எடுத்துக்கொண்டு இந்தப் பாடத்தை விட்டுவிட்டால் நாம் அவரைப் பாதிதான் படித்திருக்கிறோம்.

எமது அனுபவத்திலேயே இன்னொரு முன்னுதாரணமும் உண்டு. கட்டடக் கலைஞர் சோ. அ. டேவிட்டும் மருத்துவர் இராசசுந்தரமும் எழுபதுகளின் பிற்பகுதியில் கட்டியெழுப்பிய காந்தியம், 1977 இல் விரட்டப்பட்ட மலையக மக்களை வவுனியாவிலும் வேறு இடங்களிலும் குடியமர்த்தியது. கூலிகளாகக் கொண்டுவராமல் குடிகளாகக் கொண்டுவந்தது என்பதே அதன் பெருமை. அதனாலேயே அரசு அதை விட்டுவைக்கவில்லை. 1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள். அதே ஆண்டு யூலையில் வெலிக்கடைச் சிறையில் இராசசுந்தரம் கொல்லப்பட்டார். கென்ற் பண்ணையிலும் டொலர் பண்ணையிலும் இருந்த மலையகக் குடும்பங்கள் 1984 இல் வெளியேற்றப்பட்டு, அங்கே சிங்களக் கைதிகள் குடும்பங்களுடன் இருத்தப்பட்டனர். அவ்வாண்டு நவம்பர் 30 இல் விடுதலைப் புலிகள் அங்கு புகுந்து, பெண்கள், குழந்தைகள் உட்பட அவர்களைக் கொன்றனர். விரட்டப்பட்ட ஏழைகளின் இடத்தில் வைக்கப்பட்ட இன்னொரு கூட்டத்து ஏழைகளின் இரத்தம் அந்த மண்ணில் கலந்தது. அந்தக் கொலைகளை வெற்றி என்று கொண்டாடியவர்கள் எம்மிடையே இருந்தார்கள். முதலில் அங்கே மண்வீடு கட்டிய குடும்பங்கள் எங்கே போயின என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

6

வரைவு கவனிக்காத இன்னொரு விடயம் எங்களைப் பற்றியது. இலங்கைக் குடியுரிமையைத் துறந்து ஐரோப்பியக் கடவுச்சீட்டு எடுத்தவர்களே எம்மில் அநேகர். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டத்தின்படி வெளிநாட்டவருக்கு இலங்கையில் காணி உரிமை மாற்றம் செய்ய முடியாது. இரட்டைக் குடியுரிமை பெற்றவருக்கும் நெருங்கிய உறவினரிடமிருந்து வாரிசாகப் பெறுபவருக்கும் விலக்கு உண்டு. அரச அனுமதிப்பத்திரமோ குடியுரிமை உள்ளவருக்கே. ஆக, ஐம்பது ஏக்கரை எமது பெயரில் பெற முடியாத நிலையில், உள்ளூரில் ஒருவரின் பெயரில் பெற்று நாம் நிர்வகிப்பது என்று வரைவு வழி சொல்கிறது.

இந்த இடத்தில் நான் வாசிப்பதை நிறுத்திவிட்டு நெடுநேரம் இருந்தேன். அன்று எனது தகப்பனாரின் பெயரில் பத்திரம், நாடற்ற ஒருவரின் உழைப்பு. இன்று நாடற்றிருந்தவரின் மகள் குடியுரிமை பெற்ற பிரசை. அவரது நாட்டைப் பொறுத்தவரை நான்தான் அந்நியன். 1935 இன் சட்டமும் 2014 இன் சட்டமும் வெவ்வேறு நோக்கில் எழுந்தவை. ஆனால் இரண்டுக்கும் நடுவே நிற்கும் காணி ஒன்றுதான். சட்டப்படி அந்தக் காணியைப் பெறத் தகுதி உள்ளவர் அவர். நாங்களோ அவரது பெயரை இரவல் வாங்கி நிர்வாகத்தை எங்களிடம் வைத்திருக்கப் பார்க்கிறோம்.

தரிசு என்ற சொல்லையும் ஒருமுறை பரிசீலிக்க வேண்டும். போரில் கைவிடப்பட்ட காணிகளில் இருபது வருடத்துப் பற்றை வளர்ந்ததும் அவற்றைக் காடு என்று எல்லைக்கல் நாட்டிய வனத் திணைக்களத்தை எதிர்த்து மக்கள் போராடி வருகிறார்கள். பற்றை மூடியதால் மட்டும் ஒரு காணி ஆளற்றதாகிவிடாது என்பதே அவர்கள் வாதம். அதே காணிகளை வரைபடத்தில் பார்த்து நாம் தரிசு என்று எழுதினால் திணைக்களத்தின் வாதத்தை அல்லவா பலப்படுத்துகிறோம்?

7

எனவே எனது முன்மொழிவுகள். இவை விவாதத்துக்கானவை.

முதலாவது, ஒரு மண்வெட்டி விழுவதற்கு முன்பு காணியில் யார் இருக்கிறார்கள், முன்பு யார் இருந்தார்கள் என்பது ஊரவரைக் கொண்டே பதியப்பட வேண்டும். இருப்பவருக்குப் பத்திரம் பெற்றுக்கொடுப்பதே திட்டத்தின் முதல் வேலையாக வேண்டும். எமது பணத்தின் முதல் பங்கு உழவு இயந்திரத்துக்கு அல்ல, சட்டத்தரணிக்கும் நில அளவையாளருக்கும் போகட்டும்.

இரண்டாவது, உழவு இயந்திரத்தின் திறப்பு அங்கே உழுபவர்களிடம் இருக்க வேண்டும். முறை வரிசையையும் அவர்களே தீர்மானிக்க வேண்டும். நாங்கள் கணக்குக் கேட்கலாம், கட்டளையிட முடியாது.

மூன்றாவது, மண்வீடா கல்வீடா என்பதை அதில் இருக்கப் போகிறவர் தீர்மானிக்கட்டும். உறுதி கையில் கிடைத்த பின்னும் அவர் மண்ணைத் தெரிவு செய்தால் அதுவே மண்வீட்டின் உண்மையான வெற்றி. மெழுகுபவரின் உழைப்பு கூலிக் கணக்கில் எழுதப்பட வேண்டும்.

எனது குடும்பக் காணியைப் பொறுத்தவரை, அது திட்டத்துக்குக் கிடைக்காது. பின்னுரிமை கோரக்கூடிய நானும் அண்ணனும் எமது கோரிக்கையை எழுத்தில் கைவிட்டு, அங்கே குடியிருப்பவருக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும்படி பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பிப்பது என்பது எனது முடிவு. அண்ணன் இன்னும் சம்மதிக்கவில்லை. "அப்பா வேர்வை சிந்தின காணி" என்கிறார். சுவரில் தொங்கும் அந்தப் படத்தை ஒருமுறை இறக்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பின்புறத்தைப் பார்க்கும்படி அவரிடம் கேட்டிருக்கிறேன். நண்பர்களிடமும் கேட்பது அதைத்தான்.